அத்தியாயம் 4: தண்ணீர் வரும் வழி

பழைய வீட்டைப் பார்க்க வருகிற கொத்தனார் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அநேகமாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "சார், இதுக்குப் போடுற காசுல புதுசாவே கட்டிடலாம்." அவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் வேலையை இந்த வீட்டில் செய்தால் செலவு அவ்வளவு ஆகத்தான் செய்யும். கூடவே வீடும் கெட்டுப்போகும். ஆகவே அவருக்கு நன்றி சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

இங்கே பேசப்போவது சுண்ணாம்புக் காரையில் கட்டி, மேலே மெட்ராஸ் டெரஸோ நாட்டு ஓடோ சீமை ஓடோ போட்ட வீடுகளைப் பற்றி. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாட வீதிகளிலும், கும்பகோணம் அக்கிரகாரங்களிலும், காரைக்குடிப் பக்கத்து ஊர்களிலும், புதுச்சேரியின் தமிழர் தெருக்களிலும் இன்னும் நிற்பவை. கம்பி துருப்பிடித்து சீலிங் உதிரும் 1970-களின் கான்கிரீட் வீடு வேறு ரகம்; அதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது.

இந்த வீடுகளின் கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீரில் தொடங்கியவை. யாரோ அவசரத்துக்குப் பூசிய சிமெண்டால் முற்றியவை. இதைப் பிடித்துக்கொண்டால் எந்த வேலை முன்னால், எது பின்னால் என்பது தானாகத் தெளிவாகும். டைல்ஸ் கடைக்கும் மாடுலர் கிச்சன் ஷோரூமுக்கும் போகிற நாள் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது.

ஒரு மழைக்காலம் பொறுங்கள்

வீடு கைக்கு வந்த வேகத்தில் உளியை எடுக்க வேண்டாம். முடிந்தால் ஓர் ஐப்பசி, கார்த்திகையை அந்த வீட்டில் கழியுங்கள். முடியாவிட்டால், மழை கொட்டும்போது குடையும் டார்ச்சுமாகப் போய்ச் சுற்றி வாருங்கள். சுவரில் ஈரம் ஏறியிருக்கும் எல்லையைக் கரிக்கோடு போட்டுப் பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். பத்து நாள் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால், மேலிருந்து இறங்கும் ஈரமா, தரையிலிருந்து ஏறும் ஓதமா என்பது பிடிபடும். கோடை முழுக்க ஒரே உயரத்தில் நிற்கிற ஈரம் பூமியிலிருந்து வருவது. மழைக்கு மறுநாள் பரவி, வெயில் வந்ததும் சுருங்குகிற ஈரம் கூரையிலிருந்து வருவது. எந்தக் காலமும் பார்க்காமல் ஒரே இடத்தில் நிற்கிற ஈரம் என்றால் குழாயைச் சந்தேகப்படுங்கள். அது பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாயாகவும் இருக்கலாம்.

கூரையில் ஒழுக்கு தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் ஓரிடத்தில் புகுந்து, உத்திரத்தின் பக்கமாகவே ஓடி, இன்னோர் இடத்தில் சொட்டும்.

விரிசலுக்குப் பழைய இன்ஜினீயர்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரு முனைகளிலும் சாந்து அப்பி, தேதி எழுதிவிடுவார்கள். மாதங்கள் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் அந்த விரிசல் எப்போதோ விழுந்து அடங்கிப்போனது, அடைத்தால் போதும். கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது தேவை பூச்சு வேலை தெரிந்தவரல்ல, கட்டுமானப் பொறியாளர். அடுத்த மனையில் அடுக்ககத்துக்குப் பள்ளம் தோண்டுகிறார்களென்றால் அவர்கள் தொடங்கும் முன்பே உங்கள் சுவர்களைத் தேதி தெரியப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேச்சு வளர்ந்தால் அதுதான் கை கொடுக்கும்.

கூரை

மெட்ராஸ் டெரஸ் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியாமல் அதில் கை வைப்பவர்கள்தான் அதிகம். தேக்கு உத்திரங்களின்மேல் குறுக்குச் சட்டங்களைப் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஏறத்தாழ ஆறு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிற்க வைத்து, மூலைவாட்டில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த படுகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டித் தட்டி அதை இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இந்த முறைக்கு இந்தியத் தரநிலையே இருக்கிறது, எண் 2119. உங்கள் இன்ஜினீயர் அதைக் கேள்விப்பட்டதில்லை என்றால் இன்னொருவரைத் தேடலாம்.

இந்தக் கூரை ஒழுக ஆரம்பித்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? மேலே ஒரு சிமெண்ட் பூச்சு. நான்கைந்து வருடத்தில் அது வெடிக்கும், அதன்மேல் இன்னொன்று. பிறகு வெள்ளை டைல்ஸ். நூறு சதுர அடியில் ஓர் அங்குலம் சிமெண்ட் கலவை போட்டால் ஏறத்தாழ அரை டன் கனம். மூன்று தலைமுறை இப்படிப் பூசிய மாடியின் உத்திரம் எத்தனை டன்னைச் சுமக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே கூரையில் முதல் வேலை, எதையும் சேர்ப்பதற்கு முன்னால் பின்னால் வந்த படலங்களைப் பெயர்த்து எடுப்பது. டிரில்லர் வைத்து அதிரடியாக உடைக்க விடாதீர்கள். அந்த அதிர்வில் கீழே நிற்கும் சின்னச் செங்கற்கள் உதிர்ந்துவிடும். சுத்தியலும் உளியும் போதும், நேரம் பிடித்தாலும்.

வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனி ஆள் வந்தால், "மாடியில ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பார்த்துடலாம்" என்பார். கான்கிரீட் தளத்துக்கு அது சரியான சோதனை. முனை இற்றுப்போன உத்திரத்தின்மேல் இரண்டங்குலம் தண்ணீர் கட்டினால் நூறு சதுர அடிக்கு மறுபடியும் ஏறத்தாழ அரை டன். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மழையே அந்தச் சோதனையைச் செய்யும்.

உத்திரத்தைப் பார்க்கும் முறை எளிது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று சொல்லும். உளுத்த இடத்தில் சத்தம் அடங்கிப்போகும். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதியில் மரம் இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் புகும் முனைதான் ஆபத்தான இடம். சுவரின் ஈரத்தையெல்லாம் அந்த ஒரு முழம் குடித்துக்கொண்டிருக்கிறது, கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும். விரல் கனத்தில் மண் கோடு ஒன்று சுவரில் ஏறி உத்திரத்தைத் தொட்டால், அதை உடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கோடு மறுபடி முளைத்திருந்தால் கரையான் இன்னும் குடியிருக்கிறது.

முனை மட்டும் போயிருந்தால் முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. இருபக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தி, கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, நல்ல மரத்தை ஒட்டிச் சேர்க்கலாம். அல்லது கீழே இரும்பு கர்டர் ஒன்றைத் தாங்கலாக ஓட்டலாம். எது என்று பொறியாளர் சொல்ல வேண்டும். எந்த முறையானாலும் மரத்தின் முனையைச் சிமெண்டால் அடைத்து மூடாதீர்கள், சுற்றிலும் காற்று போக விரலளவு இடைவெளி இருக்கட்டும். முட்டுக் கொடுக்காமல் "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி உத்திரத்தில் கை வைக்கிற ஆளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடலாம்.

தண்ணீர் வெளியேறும் துவாரங்கள் அடுத்தது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். அவ்வளவும் இரண்டு தூம்புகள் வழியாக இறங்க வேண்டும். அதில் ஒன்றை வேப்பிலையும் பந்தும் அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால், பாவம் என்று விடுகிறவர்கள் உண்டு. மேலே வெட்டினால் போதாது. வேர் போன வழியில் செங்கல்லைப் பிரித்து, வேரை முழுசாக எடுத்து, சுண்ணாம்பில் திரும்பக் கட்ட வேண்டும். பாவம் என்று தோன்றினால் கன்றைக் கோயில் குளக்கரையில் கொண்டுபோய் நடலாம்.

கவனிக்காமல் விட்டால் என்னாகும் என்பதற்குப் புதுச்சேரிக் கடற்கரையில் பெரிய உதாரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மண்டபம், பழுது பார்ப்பது பற்றிப் பேச்சு நடந்துகொண்டே இருக்க, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். உலக வங்கிக் கடனில் அரசாங்கத்தால் அது முடிந்தது, நம் வீட்டுக்கு அந்த வங்கி கடன் தராது.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை குறைவு, ஆனால் அது வருஷா வருஷம் வரும். நாட்டு ஓட்டைக் குரங்கும் பூனையும் நகர்த்தும். ஆவணி, புரட்டாசிக்குள் ஓடு மாற்றிவிட வேண்டும். ஓட்டைப் பிரிக்கும்போது ரீப்பர், கைமரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள். சீமை ஓடுகளில் பாசல் மிஷன் முத்திரை இருந்தால் கழித்துக் கட்டாதீர்கள். மங்களூரில் 1865-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் ஓடு இன்னும் பல கூரைகளில் உழைக்கிறது. உடைந்தவற்றுக்கு ஈடு பழைய வீடு இடிக்கும் இடங்களில்தான் கிடைக்கும். அளவு ஒத்துப்போகாத புது ஓட்டை இடையில் சொருகினால் அந்த விளிம்பிலேயே ஒழுகும்.

சுவர்

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். இந்த வரவு செலவு நூறு வருடமாக நடந்துகொண்டிருந்தது. இடையில் ஒருவர் வந்து கீழே மூன்றடிக்குச் சிமெண்ட் பூசினார். ஈரத்துக்கு வெளியேற வழி இல்லாமல் போக, அது சிமெண்டுக்குப் பின்னாலேயே ஏறி நாலடி உயரத்தில் எட்டிப் பார்த்தது. உடனே ஐந்தடிக்குச் சிமெண்ட். இப்படியே சீலிங் வரைக்கும் பூசிய வீடுகள் இருக்கின்றன. தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்கு அடியில் பூத்து, அதைப் பொரித்துத் தள்ளுகிறது. பெயிண்ட் ஏடு ஏடாக உரிகிறது. பெயிண்ட் கடைக்காரர் டேம்ப்ப்ரூஃப் ப்ரைமர் கொடுக்கிறார். அதற்கும் அதே கதிதான்.

செய்ய வேண்டியது, சிமெண்ட் பூச்சைச் செங்கல் தெரியும்வரை உரித்துவிட்டுச் சுவரை உலர விடுவது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது வழக்கமான கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பாருங்கள். உப்பு பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். செங்கல் தெரிகிற கூடத்தைப் பார்த்துவிட்டு வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் "வேலை நின்னுபோச்சா?" என்று விசாரிப்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம்.

மறுபூச்சு சுண்ணாம்பில்தான். கடையில் பாக்கெட்டில் வரும் வெள்ளையடிக்கும் பவுடர் இதற்கு உதவாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி, தொட்டியில் தண்ணீர் விட்டுத் தாளிக்க வேண்டும். தாளிக்கும்போது அது சோற்றுப்பானை மாதிரி கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட்டிக்கு அருகில் விடாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே அனுப்பாதீர்கள். ஆறியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி வாரக்கணக்கில் ஊற விட்டால் வெண்ணெய் பதத்துக்கு வரும். நாளான சுண்ணாம்புக்குத்தான் மதிப்பு. ஆகவே கூரை வேலை தொடங்கும் அன்றைக்கே சுண்ணாம்புத் தொட்டியையும் தொடங்கிவிட்டால், சுவருக்கு வரும்போது அது தயாராக இருக்கும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது பொதுவான கலவை. ஈரம் அதிகமுள்ள இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் நன்றாக வெந்த செங்கல்லின் தூள் சேர்ப்பார்கள். கடுக்காய், வெல்லம் எவ்வளவு என்பதில் ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொன்று சொல்வார். அவர் வழியில் விடுங்கள். ஆனால் முழுச் சுவரையும் ஒப்படைக்கும் முன்னால் மூன்றடிக்கு மூன்றடி ஒரு கட்டம் பூசச் சொல்லி, அதற்குத் தனியாகக் கூலி கொடுத்து, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் வலைப்பின்னலாக விழுந்திருந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது, அல்லது வெயிலில் அவசரமாகக் காய்ந்துவிட்டது. கை வைத்துத் தேய்த்தால் மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு போதவில்லை. புதுப் பூச்சின்மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவது கட்டாயம்.

செட்டிநாட்டு வீடுகளில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு பளிங்கு மாதிரி இருக்கும். அது ஏற்கெனவே இருக்கிறதென்றால் உங்கள் வேலை துணியும் தண்ணீரும் மட்டும். அதன்மேல் எமல்ஷன் அடிக்கச் சம்மதித்தவர்களை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இல்லை என்பது பாதி உண்மை. 2012 ஜனவரியில் தீயில் சேதமான சேப்பாக்கம் கலச மகாலையும், பக்கத்திலுள்ள ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறை சுண்ணாம்பில்தான் மீட்டெடுத்தது. அப்படிப்பட்ட வேலைகளில் பழகிய கொத்தனார்கள் காரைக்குடியிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். ஊரில் எந்தப் பழைய கோயிலில் திருப்பணி நடக்கிறதோ, அங்கே போய்ச் சாரத்தின் அடியில் நின்று விசாரியுங்கள்.

வீட்டைவிட உயரமான தெரு

சென்னையில் இது தனிக் கொடுமை. சாலை போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, மூன்று படி ஏறிப் போன திண்ணை இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டியதாகிவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது அதைச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

உள்ளே மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்துவதுதான் எல்லோரும் சொல்லும் வழி. உயர்த்திய மண் சுவரின் மேல்பகுதியைத் தொட, ஓதம் அந்த அளவு மேலேறும். நிலைகளை அறுக்க வேண்டும், ஜன்னல் முழங்காலுக்கு வரும். வாசலில் ஒரு தடுப்புத் திண்டும், உட்பக்கம் குறுக்காக ஒரு வாய்க்காலும், முற்றத்துத் தண்ணீரை இறைக்க ஒரு சின்ன மோட்டாரும் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு யோசியுங்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீட்டைத் தூக்கியிருக்கிறார்களா, அதைப் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இது நான் எச்சரிக்கையோடு மட்டும் எழுதுகிற விஷயம்.

கரன்ட், குழாய், விஷத் தூசி

மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங்கை ஒட்டுப்போட வேண்டாம். முழுசாக எடுத்துவிட்டு, புது எர்த் குழி போட்டு, 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. வைத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் ஆழமாகக் காடி வெட்டாமல், குழாயைச் சுவருக்கு வெளியிலேயே ஓட்டச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய்க்கும் இதேதான், கண்ணுக்குத் தெரிகிற குழாயின் கசிவு கண்ணுக்குத் தெரியும். மெட்ராஸ் டெரஸ் மாடியில் புதுக் குளியலறை கட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் எதில் ஈயம் இருக்கிறதென்று பார்வைக்குத் தெரியாது. ஆகையால் பழைய கதவை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். நனைத்துச் சுரண்டட்டும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

பணமும் பங்காளியும்

சதுர அடிக் கணக்கில் ரேட் பேசுவது புது வீட்டுக்குத்தான் பொருந்தும். பழைய வீட்டில் பெயர்த்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. தெரியாததற்கு ரேட் சொல்பவர் இரண்டு மடங்கு சொல்வார், அல்லது பாதியில் போய்விடுவார். பெயர்ப்பது, உத்திரம் பார்ப்பது ஆகியவற்றுக்கு நாள் கூலி. என்னவென்று தெரிந்துவிட்ட பூச்சு, தட்டோடு போன்றவற்றுக்கு அயிட்டம் ரேட். போட்ட மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி, அதை யாரிடமும் சொல்லாமல் வையுங்கள். பழைய தேக்கு, கதவு, தூண், ஆத்தங்குடிக் கல் எதுவும் "குப்பையோட குப்பையா நானே எடுத்துட்டுப் போயிடுறேன்" என்று சொல்பவரின் வண்டியில் ஏறக் கூடாது. பெயர்க்கும் அன்றே எண்ணி, எழுதி, ஓர் அறையில் பூட்டிவிடுங்கள்.

கூட்டுச் சொத்தென்றால் முதல் செங்கல்லை எடுக்கும் முன்னால் பங்காளிகள் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இன்று "நீ பார்த்துச் செய்ப்பா" என்று சொல்லும் பெரியப்பா, வீடு பளபளத்த பிறகு அதையே சொல்வார் என்பது நிச்சயமில்லை. சுவரை எடுப்பது, கூரையை மாற்றுவது போன்ற வேலைக்கு மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்து, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

கூரையைத் திறக்கிற வேலை தைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்கி வைகாசிக்குள் முடிய வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை எடுக்காமல் கொத்தனார்கள் ஓய்வாக இருப்பார்கள். உள்பூச்சு, கதவு, தரை போன்ற மிச்ச வேலைகளுக்கு அந்த மாதங்களில் நல்ல ஆள் கிடைப்பார்.

வேலை முடிந்ததும் வண்ணம் அடித்துக் கிரகப்பிரவேசம் வைத்துவிடத் துடிப்பீர்கள். வெறும் சுண்ணாம்பு வெள்ளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு ஐப்பசி மழை முழுசாகப் பெய்து ஓயட்டும். கரித்துண்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று வாருங்கள். எங்கும் ஈரம் ஏறவில்லையென்றால் பெயிண்டரை அடுத்த தை மாதம் கூப்பிடலாம்.